ஏரிக்கரையில் இடதுபக்கம் இழுத்த கார்

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் அம்பத்தூரில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த ஒரு ஓட்டு வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். ஒரே வாசல், ஒரே அடுப்பு. மாமியார், என் கணவர், நான், எங்கள் இரண்டு பிள்ளைகள். பக்கத்து அறையில் கொழுந்தனும் அவர் மனைவியும். மாமனார் இல்லை. அவர் காலம் வரைக்கும் ஊரார் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். தொழிற்பேட்டை வந்ததும் அவருடைய பிள்ளைகள் இருவரும் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். என் கணவர் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். கொழுந்தன் வேறொரு கம்பெனியில் வேன் டிரைவர்.

கொழுந்தன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, பூந்தமல்லிக்காரி. அவள் அப்பாவும் டிரைவர்தான். லாரி ஓட்டியவர். ஆண் பிள்ளை இல்லாததால் இவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வரும்போதே அவள் லைசென்ஸோடு வந்தாள். எங்கள் தெருவில் சைக்கிள் ஓட்டத் தெரிந்த பெண்கூடக் கிடையாது அப்போது.

அவள் வந்து ஒரு வருஷத்துக்குள் கொழுந்தன் ஒரு பழைய அம்பாசடரை வாங்கிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். கறுப்பு வண்டி, கதவுக்குக் கீழே துரு. தெரிந்தவர்களுக்கு மட்டும் சவாரிக்கு விடுவது என்று ஏற்பாடு. அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. மற்ற நாளில் வண்டி சும்மா நிற்பானேன் என்று அவள் சாவியை எடுத்துக்கொண்டாள். முதலில் தெருவே சிரித்தது. பிறகு பார்த்தால், பொம்பளை ஓட்டுகிற வண்டி என்பதாலேயே பெண்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை திருவேற்காடு கோயிலுக்குப் போகிறவர்கள், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிறவர்கள், பட்டாபிராமில் மகளைப் பார்க்கப் போகிற தாய்மார்கள். புருஷன் துணை இல்லாமல் போய்வரலாம் அல்லவா. அயனம்பாக்கம் வரைக்கும் அவளை "கார்க்காரம்மா" என்று சொன்னார்கள்.

எனக்கு அவள்மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. வயிற்றில் கனல் துண்டு கிடப்பது போன்ற பொறாமை. அவள் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள், வாய்க்கு வாய் அக்கா என்பாள். அதனால் சண்டை போடவும் வழியில்லாமல் உள்ளேயே வெந்தேன்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் கேட்பார், "இன்னிக்கி எங்க போனே?" அவள் சொல்வாள், மயிலாப்பூர், பெரம்பூர், ஒரு நாள் கடற்கரை. மாமியார் கதை கேட்பது போல வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அந்த வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டால்தான் நான் என்ன சொல்வது? அடுப்படியிலிருந்து குழாயடிக்குப் போனேன், குழாயடியிலிருந்து ரேஷன் கடைக்குப் போனேன், திரும்பி வந்தேன்.

ஒரு நாள் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே, "நல்லாத்தான் ஓட்டுது அந்தப் பொண்ணு" என்றார். அவர் நல்லவர்தான், ஆனால் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை. என் குழம்பைப் பற்றி அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அன்று மத்தியானம் வீட்டில் எல்லோரும் உறங்கும்போது, வாசலில் நின்ற காரின் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தேன். ரெக்சின் சூட்டில் தொடை சுட்டது. ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாக எங்கள் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அந்த ஆடி மாதம் வண்டிக்கு ப்ரேக் வேலை வந்தது. மிதித்தால் இரும்பும் இரும்பும் தேய்கிற மாதிரி கிரீச்சென்று சத்தம். ப்ரேக்குக்குள் உரசிப் பிடிக்கிற லைனிங் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று ஓரகத்தி சொன்னாள். ஒர்க்‌ஷாப்புக்கு விட வேண்டாம், நானே செய்கிறேன் என்று என் கணவர் முன்வந்தார். ஃபிட்டர் ஆயிற்றே, கையில் வேலை உண்டு. தம்பி கார் வாங்கிவிட்டான், நான் அதைத் தொட்டுப் பார்க்கக்கூட இல்லை என்று அவருக்கும் உள்ளே ஏதோ இருந்தது. வீட்டுக்காரி எனக்குத் தெரியாதா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசலில் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு வேலை செய்தார். புது லைனிங் ஒட்டிய ப்ரேக் ஷூக்களை மாட்டினார். ப்ரேக் ஆயில் அழுத்தத்தில் அந்த ஷூக்களைத் தள்ளுகிற முன்பக்கத்து சிலிண்டர்களையும் பிரித்து ரப்பர் மாற்றினார். நான் பக்கத்தில் நின்று கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்தேன். மாலையில் தெருவுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, வெண்ணெய் மாதிரி நிற்கிறது என்றார்.

மறுநாளே ஓரகத்தி வந்து சொன்னாள்.

"மாமா, மெதுவா மிதிச்சா ஒண்ணும் இல்ல. டக்குனு மிதிச்சா லெஃப்ட்ல இஸ்துகினு போவுது."

புது லைனிங் பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்றார் என் கணவர். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி சொன்னாள். டயரில் காற்று சரியில்லை என்று காற்றடித்துப் பார்த்தார். மறுபடி சொன்னாள். வலது சக்கரத்தைக் கழற்றி இடதிலும் இடதை வலதிலும் மாட்டினார். லைனிங்கில் கிரீஸ் பட்டிருக்கிறதா என்று சக்கரத்துக்குள் இருக்கும் டிரம்மைப் பிரித்துப் பார்த்தார், இல்லை. ஒவ்வொரு தடவையும் எங்கள் குறுகின தெருவில் மெல்ல உருட்டிக்கொண்டு போய், மெல்ல மிதித்து நிறுத்தி, நேராகத்தானே நிற்கிறது என்று இறங்கினார்.

அவள் ஒரு தடவை கொஞ்சம் தயங்கி, "மெயின் ரோட்ல வேகமா போய் பாருங்க மாமா" என்றாள். என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஓட்டத் தெரியாதவர்களுக்கு எந்த வண்டியும் இழுக்கத்தான் செய்யும் என்று எங்கோ பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். கொழுந்தனும் அண்ணனை மீறி ஒன்றும் பேசவில்லை. அவர் அந்த வாரம் முழுக்க இரவு பகலாகக் கம்பெனி வேனோடு வெளியூர் போய்க்கொண்டிருந்தார், இந்த வண்டியைத் தொடவே நேரமில்லை.

அவள் அப்படியே நின்றாள். அடுப்படிக்குள்ளிருந்து பார்த்த எனக்கு உள்ளுக்குள் தித்தித்தது. அவள் சொல்லை வீட்டில் ஒருவரும் எடுத்துக்கொள்ளாமல் போனது அதுதான் முதல் முறை.

ஆடி வெள்ளிக்கிழமை வந்தது. மாமியாருக்குத் திருவேற்காடு போக வேண்டும். துணைக்கு என்னையும் கூப்பிட்டார். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். ஓரகத்தி வண்டி இழுப்பதைச் சொல்லி, பஸ்ஸில் போகலாமே என்று மாமியாரிடம் கேட்டுப் பார்த்தாள். வீட்டில் கார் இருக்கும்போது பஸ்ஸில் நசுங்க வேண்டுமா என்று மாமியார் ஏறி உட்கார்ந்துவிட்டார். பின் சீட்டில் அவர், பக்கத்தில் பூசைக்கூடை. முன் சீட்டில், ஓரகத்திக்கு இடப்பக்கத்தில் நான்.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. அவள் மாட்டு வண்டி போல ஓட்டினாள். கோயிலில் கூட்டம் நெரிந்தது. கூழ் வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. பெரிய ரோட்டில் கூட்டமாக இருக்கும் என்று அவள் அயனம்பாக்கம் ஏரிக்கரை வழியாகத் திருப்பினாள். மண் பாதை. இடதுபுறம் ஏரி, வலதுபுறம் வயல். அந்த வருஷம் மழை முந்திக்கொண்டதால் ஏரியில் தண்ணீர் நிறையக் கிடந்தது.

மாமியார் பின்னால் கண்ணை மூடி, அம்மன் பெயரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நான் ஏரியைப் பார்க்கவில்லை. அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி வளையல் போட்ட கை, ஸ்டீரிங் மேல் அழுத்தமே இல்லாமல், மாவு பிசைந்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளும் கை போலக் கிடந்தது. நானும் ஒரு மத்தியானம் பிடித்துப் பார்த்த ஸ்டீரிங்தானே அது. என் கையில் கல்லாக நின்றது, இவள் கையில் எப்படி இவ்வளவு சொன்னபடி கேட்கிறது என்று எனக்குள் எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் வயல் பக்கத்திலிருந்து ஒரு எருமை கரைமேல் ஏறி நேராக வண்டிக்கு முன்னால் வந்துவிட்டது.

அவள் ப்ரேக்கை மிதித்தாள். யாரோ இடப்பக்கத்துக் கதவைப் பிடித்து இழுத்தது போல வண்டி ஏரியைப் பார்த்து வெட்டிக்கொண்டு போனது. அந்தக் கணத்திலும் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவள் கைகளைத்தான். இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை வலது பக்கம் ஒடித்தாள். இடது கை மேலே ஏறி, வலது கை மடிக்கே வந்துவிட்டது, வளையல் ஒன்று உடைந்து என் மடியில் விழுந்தது. அவ்வளவு ஒடித்தும் வண்டி இடப்பக்கமே போனது. என் பக்கத்து ஜன்னலில் கரை மறைந்து தண்ணீர் மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு பெரிய குலுங்கல். முன் இடது சக்கரம் கரைச்சரிவில் இறங்கி, சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. சேறு இல்லாமல் கெட்டித் தரையாக இருந்திருந்தால் நாங்கள் மூன்று பேரும் ஏரிக்குள் போயிருப்போம்.

மாமியார் கண்ணைத் திறந்து பார்த்தபோது எருமை கரையைக் கடந்து போயேவிட்டது. அவர் பார்த்ததெல்லாம் சாய்ந்த வண்டியும், சிதறிக் கிடந்த தேங்காய் மூடிகளும், முன்னால் தண்ணீரும்தான். அவர் போட்ட சத்தத்தில் வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கயிறோடு ஓடி வந்தார்கள். எங்களை இறக்கிவிட்டு, ஆளும் மாடுமாகச் சேர்ந்து வண்டியை மேலே இழுத்தார்கள். மாமியார் அதில் ஏற மாட்டேன் என்றார். இருட்டிக்கொண்டு வந்ததால் வேறு வழியில்லாமல்தான் ஏறினார்.

வீடு வரைக்கும் ஓரகத்தி மெதுவாக ஓட்டினாள். இப்போது இன்னொன்றைக் கவனித்தேன். வண்டி வலது பக்கமாக ஒதுங்கப் பார்த்தது. அவள் ஸ்டீரிங்கை இடது பக்கம் பிடித்துப் பிடித்து நேராக்கிக்கொண்டே வந்தாள். துணி பொசுங்குகிற மாதிரி ஒரு நாற்றமும் வந்தது.

வாசலில் வண்டி நின்றதும் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோயிலுக்குப் போய் வந்த வண்டி சேறும் சகதியுமாக நிற்கக் கூடாது, கழுவி விடு என்று மாமியார் என்னிடம் சொன்னார். அவள் ஓட்டிக் கெடுத்த வண்டியை நான் கழுவ வேண்டுமா என்று கறுவிக்கொண்டே வாளியை எடுத்தேன். சேறு அப்பியிருந்த இடது சக்கரத்தில் முதலில் ஊற்றினேன். வழிந்து போனது. சுற்றி வந்து வலது முன் சக்கரத்தில் ஊற்றியதும் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல சுரீரென்று ஆவி கிளம்பியது. கையைக் கிட்டே கொண்டுபோனால் அனல். மறுபடி இடது சக்கரத்தைப் போய்த் தொட்டுப் பார்த்தேன். இரும்பு குளிர்ந்து கிடந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மனதில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை என் கணவரும், ராத்திரி வெளியூரிலிருந்து திரும்பியிருந்த கொழுந்தனும் வேலைக்கு லீவு போட்டார்கள். மாமியார் எல்லோரையும் வாசலில் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அந்தச் சாவிய எடுத்தாந்து இங்க வை" என்றார் ஓரகத்தியிடம்.

அவள் கொண்டுவந்து தரையில் வைத்தாள். இனி அவள் வண்டியைத் தொடக் கூடாது, வண்டியை விற்றுவிட வேண்டும், குலதெய்வம்தான் நேற்றுக் காப்பாற்றியது என்று மாமியார் சொல்லிக்கொண்டே போனார். என் கணவர், தான் அத்தனை தடவை சோதித்துப் பார்த்ததையும் வண்டியில் ஒரு குறையும் இல்லை என்பதையும் சொன்னார். எருமையைப் பார்த்ததும் பயத்தில் கை தவறியிருக்கிறது, பொம்பளை கையில் கொடுத்தால் இதுதான் என்றார். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தெருவிலிருந்து ஏழெட்டு பேர் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒரு அம்மாவின் மகளுக்கு அது நிறைமாதம். வலி வந்தால் ஓரகத்தி வண்டியில்தான் ஆஸ்பத்திரி என்று பேசி வைத்திருந்தார்கள். அந்த அம்மாவும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஓரகத்தி அழவில்லை. "நான் ரைட்லதான் ஒடிச்சேன்" என்று மட்டும் சொன்னாள். யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்.

மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"நீதானே முன்னாடி குந்திகினு வந்தே. இன்னா நடந்துச்சி, நீ சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன், ஒன்றும் தெரியாது என்பது. அது பொய் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அந்த ஒரு வார்த்தையோடு கார்க்காரம்மா என்ற பேச்சு முடிந்துவிடும். நாளையிலிருந்து அவளும் என்னோடு குழாயடியில் குடத்தோடு நிற்பாள். சாயங்காலத்தில் எங்கே போனாய் என்று அவளையும் யாரும் கேட்க மாட்டார்கள். அதோடு, நான் வாயைத் திறந்தால் அது என் புருஷன் செய்த வேலையைக் குறை சொல்வதாக ஆகும், அதுவும் தெருவே பார்க்கும்போது. நாக்கு நுனி வரைக்கும் அந்தப் பதில் வந்துவிட்டது.

அவள் கைகளைப் பார்த்தேன். உடைந்த வளையல் கீறியதால் மணிக்கட்டில் ஒரு கோடு சிவந்திருந்தது. நேற்று அந்தக் கை மடி வரைக்கும் திரும்பி நின்றது கண் முன்னால் வந்தது. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவள்மேல் திடீரென்று பிரியம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"அவ ரைட்லதான் ஒடிச்சா அத்தே. முழுக்க ஒடிச்சா. வண்டிதான் லெஃப்ட்ல பூட்ச்சி" என்றேன்.

நான் நிறுத்தாமல் மற்றதையும் சொன்னேன். திரும்பி வரும்போது வண்டி வலது பக்கம் ஒதுங்கியது, பொசுங்கும் நாற்றம், வலது சக்கரத்தில் தண்ணீர் சுரீரென்றது, இடது சக்கரம் குளிர்ந்து கிடந்தது, எல்லாம்.

"இன்னாமே, நீ எப்போ மெக்கானிக் ஆனே?" என்றார் என் கணவர். குரலில் சூடு. ஆனால் ஓரகத்தி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"ரைட் சக்கரமா அக்கா சூடா இருந்துச்சி? நல்லா பாத்தியா?"

நான் தலையாட்டினேன். அவள் யாரிடமும் கேட்காமல் எழுந்து போய் டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்தாள். கொழுந்தனும் எழுந்தார். இருவருமாக வலது முன்பக்கத்தைத் தூக்கினார்கள். கொழுந்தன் கையால் சுற்றியபோது சக்கரம் தாராளமாகச் சுற்றியது. என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு, பார்த்தாயா என்பது போல நின்றார். ஓரகத்தி உள்ளே உட்கார்ந்து ப்ரேக்கை ஓங்கி மிதித்து, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்துவிட்டுக் காலை எடுத்தாள். இப்போது சுற்றச் சொன்னாள். கொழுந்தன் இரண்டு கையாலும் பலம் கொண்டமட்டும் திருகினார். சக்கரம் அசையவில்லை. காலை எடுத்த பிறகும் ப்ரேக் பிடித்துக்கொண்டே இருந்தது.

என் கணவர் கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு கிட்டே வந்தார். சிலிண்டர் இறுகியிருக்கும் என்றார். ஓரகத்தி தாழ்ந்த குரலில்தான் சொன்னாள்.

"அந்த நிப்பிள கொஞ்சம் லூஸ் பண்ணிப் பாருங்க மாமா. ஆயில் பீச்சிகினு வந்து சக்கரம் சுத்துச்சின்னா சிலிண்டர் நல்லாகீது. ஓஸ்லதான் அடைப்பு."

அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பின்னால் குனிந்தார். காற்று வெளியேற்றுகிற சின்னத் திருகாணி ஒன்று அங்கே உண்டு. அதை அரைச் சுற்றுத் தளர்த்தியதும் ப்ரேக் ஆயில் பீறிட்டு அவர் சட்டையில் அடித்தது. கொழுந்தன் ஒரு விரலால் தள்ளினார். சக்கரம் சுற்றியது.

அதற்குப் பிறகு என் கணவர் யாரையும் தொடவிடவில்லை. ஆயிலைக் கொண்டுபோகிற ரப்பர் குழாயை, அதைத்தான் ஓஸ் என்பார்கள், அவரே கழற்றினார். வெளியில் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. ஒரு முனையில் வாய் வைத்து ஊதினார். கன்னம் உப்பியதே தவிர மறுமுனையில் காற்று வரவில்லை. ஆயில் கசப்பைத் துப்பிவிட்டு, பிளேடால் குழாயை நீளவாட்டில் கிழித்தார். உள்ளே ரப்பர் பிய்ந்து, நாக்கு மாதிரி ஒரு துண்டு வழியை மறித்துக்கொண்டிருந்தது. மெதுவாக மிதித்தால் ஆயில் எப்படியோ நுழைந்துவிடும். ஓங்கி மிதித்தால் அந்தத் துண்டு அடைத்துக்கொள்ளும், வலது சக்கரத்துக்கு ப்ரேக் கிடைக்காது, இடது மட்டும் பிடித்து வண்டி அந்தப் பக்கம் வெட்டும். பிறகு மெல்லக் கசிந்து போன ஆயில் திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். அப்போது வலது சக்கரம் விடாமல் உரசிக்கொண்டே வரும். ராத்திரி முழுக்க நின்றதில் அந்த ஆயில் மெல்ல மெல்லத் திரும்பியதால்தான் காலையில் சக்கரம் முதலில் தாராளமாகச் சுற்றியது. கொழுந்தன் இதை மாமியாருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

என் கணவர் அதைக் கேட்கவில்லை. குழாயின் மேல்தோலைக் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அங்கே பல் பதிந்தது போல வரிசையாகச் சின்னத் தழும்புகள். எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிலிண்டரைப் பிரித்த அன்று ஆயில் ஒழுகுகிறது என்று குழாயின் நடுவில் கட்டிங் பிளேயரைப் போட்டு நசுக்கி, அது விட்டுவிடாமல் கயிறு கட்டி வைத்துவிட்டுத்தான் அவர் சாப்பிட வந்தார். எங்கள் இருவர் கண்களும் சந்தித்தன. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். புருஷனைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வருவதாக இல்லை.

அவரே சொன்னார். ஓரகத்தியைப் பார்த்துச் சொன்னார்.

"நான்தாம்மா இத்த பிளேயர் போட்டு நசுக்கினேன். உம்மேல தப்பில்ல."

மாமியார் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். வேலிக்கு வெளியே நின்றவர்கள் கலைந்தார்கள். என் கணவர் சட்டை மாற்றிக்கொண்டு அப்போதே ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய்ப் புதுக் குழாய் வாங்கி வந்தார். இடது பக்கத்துக்கும் சேர்த்தே வாங்கியிருந்தார். மாட்டி முடித்ததும், இந்த முறை தெருவில் ஓட்டவில்லை. ஓரகத்தியை ஓட்டச் சொல்லி, தான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆவடி ரோட்டில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ஓங்கி ஓங்கி மிதிக்கச் சொல்லிச் சோதித்துவிட்டு வந்தார். என்னோடு மட்டும் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அதுவும் சரியாகிவிட்டது. அந்த நிறைமாதப் பெண்ணுக்கு மறுவாரமே வலி கண்டது. ஓரகத்தி அதே ஏரிக்கரை வழியாகத்தான் அவளை அழைத்துப் போனாள். பெண் குழந்தை.

சில நாள் கழித்து நானும் ஓரகத்தியும் குழாயடியில் தனியாக இருந்தோம். அவள் எனக்கு நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தேன். என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்.

"நான் அதையேதான் எத்தினி வாட்டி சொன்னேன் அக்கா. ஒருத்தரும் கேக்கல. நீ ஒரு வாட்டி சொன்னே, எல்லாரும் எழுந்து வந்து பாத்தாங்க. அத நெனச்சா எனக்கு வயிறு எரியுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் விளையாட்டு இல்லை. அந்த எரிச்சலின் ருசி எனக்கு நன்றாகத் தெரியுமே. அந்த வீட்டில் யாராவது என்னைப் பார்த்துப் பொறாமைப்பட ஏதாவது இருக்கும் என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. இரண்டு பேரும் தண்ணீரோடு வீட்டுக்கு நடந்தோம்.

அதற்குப் பிறகு எனக்குப் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். அன்று சாயங்காலமே அவள் முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு, பெண்களை ஏற்றிக்கொண்டு பூந்தமல்லிப் பக்கம் போனபோது அதே இடத்தில் அதே கனல் கிடந்தது. பல வருஷம் கிடந்தது. நாங்கள் தனிக்குடித்தனம் போன பிறகும், அவள் வண்டி மாற்றிவிட்டாள் என்று கேள்விப்பட்ட நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஒன்றை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கரைமேல் எருமை ஏறி வந்தபோது, என் இடத்தில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் எருமையைத்தான் பார்த்திருப்பார்கள், இல்லை, தண்ணீரைப் பார்த்திருப்பார்கள். அவள் கை எந்தப் பக்கம் திரும்பியது என்று சாட்சி சொல்ல ஒருத்தரும் இருந்திருக்க மாட்டார்கள். அவள்மேல் அத்தனை பொறாமை இருந்ததால்தான் நான் அவள் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இன்றைக்கும் யாரையாவது பார்த்து மனம் எரியத் தொடங்கினால், எரிந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடுகிறேன். கண் கண்டதை மட்டும் அந்த எரிச்சலுக்காக மாற்றிச் சொல்வதில்லை.